விமலசேன மாத்தயாவைத் தோற்கடித்த தேர்தல்

சென்ற பிரதேச சபைத் தேர்தலுக்கு வேட்புமனு கேட்டிருந்த சமயம், தேர்தலிலும் நிற்கும் எங்கள் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் பதுளைக் காரியாலயத்திலிருந்து இரண்டு பெண்கள் என்னைத் தேடி வந்தார்கள். இருவரும் மாதர் பிரிவில் வேலை செய்கிறவர்கள். நான் இருபத்தெட்டு வருஷம் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது அவர்களில் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். அவர்களுடைய வட்டாரத்தில் எதிர்த்தரப்பில் இரண்டு பேர் நிற்கிறார்களாம். ஒருவர் நம்மை அடியோடு வெறுப்பவர். மற்றவர் நம்மோடு ஒத்துப்போகக் கூடியவர். இவர்களில் யாரைக் குறிவைத்து வேலை செய்வது என்று கேட்டார்கள். ஒத்துப்போகிறவரைத்தான் முதலில் விழுத்த வேண்டும், அவரிடம்தான் நம் வாக்கு சிக்கியிருக்கிறது என்று மேலிடத்தில் சொல்லியிருக்கிறார்கள்.

அந்தக் கணக்கு எனக்குப் புதிதல்ல. நானே அதைப் போட்டு வேலை செய்தவள். அன்று அவர்களிடம் அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதுகிறேன்.

நான் பிறந்தது தெமோதரைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். சாதாரண தரப் பரீட்சை வரை படித்துவிட்டுக் கொழுந்து பறிக்கப் போனேன். எழுதப் படிக்கத் தெரிந்ததால், லயம் என்ற வரிசை வீடுகளில் இருந்த பெண்களுக்கு மனு எழுதிக் கொடுப்பேன். பிறப்புச் சான்றிதழில் பெயர் பிழை, அடையாள அட்டை வரவில்லை, பிரசவ லீவைக் குறைத்துவிட்டார்கள், இப்படியான மனுக்கள். அவற்றில் ஒன்று பதுளைக் காரியாலயத்துக்குப் போய், எழுதியது யார் என்று மாவட்டச் செயலாளர் விசாரித்து என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். ஆறு வருஷம் கோப்புக் கட்டினேன், கூட்டத்துக்குப் பாய் விரித்தேன், காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் நின்று பேசப் பழகினேன். அதன் பிறகு மாதர் பிரிவை என்னிடம் ஒப்படைத்தார்கள்.

அந்தச் செயலாளர்தான் ராஜமாணிக்கம் ஐயா. சட்டைப்பையில் எப்போதும் மூன்று பென்சில்கள் இருக்கும். நீலம், சிவப்பு, சாதாரணக் கறுப்பு. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார். அப்போது நாங்கள் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு கேட்க வேண்டும். யார் வந்தாலும் முதலில் ஒரு சாயத்தண்ணி, பால் விடாத தேநீர். குடித்து முடியும்வரை விஷயத்தைப் பேச விடமாட்டார். பசியோடு பேசுகிறவன் பாதியைக் கூட்டிச் சொல்வான் என்பது அவர் நம்பிக்கை.

தேர்தல் வேலையை அவர் செய்த விதம் இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. வாக்காளர் பெயர்ப் பட்டியலான இடாப்பை லயம் லயமாகப் பிரித்து, ஒவ்வொரு காம்பரா வீட்டுக்கும் ஒரு கோடு போடுவார். நமக்கு உறுதியான வீடு நீலம். உறுதியாக மற்றவனுக்குப் போகிற வீடு சிவப்பு. தெரியாதது கறுப்பு. கேள்விப்பட்டதை வைத்து யாரும் நிறம் தீட்டக் கூடாது. ஒவ்வொரு வாசலுக்கும் இரண்டு தடவை போக வேண்டும், பெரட்டுக்கு முன்னால் ஒரு தடவை, வேலை விட்டு வந்த பிறகு ஒரு தடவை. யாருக்கு வாக்கு என்று கேட்கவே கூடாது. பிள்ளை எந்த வகுப்பு, கூரைத் தகரம் ஒழுகுகிறதா, அதைத்தான் கேட்க வேண்டும்.

"உள்ள கூப்பிட்டு உக்கார வச்சா நீலம். வாசல்லயே நிக்க வச்சுப் பேசினா சிவப்பு. கோழியத் தொரத்திக்கிட்டே பேசினாங்கன்னா கறுப்பு. அங்க மூணாவது தடவ போ," என்பார்.

சிரிப்புக்குச் சொன்னதல்ல. நான் வேலை செய்த காலமெல்லாம் அந்தக் கோழிக் கணக்கு பொய்த்ததே இல்லை.

இனி விமலசேன மாத்தயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாத்தயா என்றால் சிங்களத்தில் ஐயா. லுணுகலைக்குப் போகிற பாதையில், மேலே தோட்டமும் கீழே சிங்களக் கிராமமும் ஒட்டிக் கிடக்கும் ஓர் இடம். அங்கே உப தபால் அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். தோட்டத்துக்கு வரும் கடிதங்கள் தோட்டக் காரியாலயத்துக்குப் போய், அங்கே மேசை மேசையாகக் கிடந்து, நேர்முகப் பரீட்சை முடிந்த பிறகு பிள்ளைகளின் கைக்கு வந்த காலம் அது. மாத்தயா அரசாங்க முத்திரையோடு வரும் கடிதங்களைத் தனியே எடுத்து வைப்பார். தோட்டத்துக்காரர் யார் கடைத்தெருவுக்கு வந்தாலும் கூப்பிட்டு, இன்னாருடைய பிள்ளையை உடனே வரச் சொல்லு என்று சொல்லியனுப்புவார். தோட்டத்தின் மேல் பகுதியான மேல் டிவிஷனில் ஓர் ஆசிரியை, ஒரு தாதி, இரண்டு கிராம சேவகர்கள் உருவானது அந்தக் கடிதங்களால்தான்.

ஓய்வு பெற்றதும் எங்களுக்கு எதிரான கட்சியில் சேர்ந்து பிரதேச சபைக்கு வந்தார். நல்லவர் என்பதற்காக எங்கள் பக்கம் சாய்ந்தவர் என்று நினைத்துவிடக் கூடாது. கிராமத்துக்குத்தான் முதலிடம் என்பார். எங்கள் சங்கம் தோட்டத்து மக்களைக் குழந்தைகள் மாதிரி வைத்திருக்கிறது என்று மேடையில் சொன்னார். அதற்காக நான் அவரோடு மாவட்டச் செயலகமான கச்சேரியின் படியில் நின்று அரை மணி நேரம் சண்டை போட்டிருக்கிறேன். சண்டை முடிந்ததும், "நங்கி, நீங்க சொன்ன ரெண்டாவது விஷயம் சரி. மொதலாவது பிழை," என்றார். தங்கையைச் சிங்களத்தில் அழைக்கும் அந்தச் சொல்லால்தான் அவர் என்னைக் கடைசிவரை அழைத்தார். எதிராளி சொன்னதில் எது சரி என்று பிரித்துப் பார்க்கிற ஒரு மனிதரை அரசியலில் நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை.

அவர் சபையில் இருந்தபோதுதான் மேல் டிவிஷனுக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது. கிராமத்துக் காட்டோரத்தில் ஓர் ஊற்று. அதிலிருந்து குழாய் போட வேண்டும் என்று எங்கள் உறுப்பினர் சபையில் பிரேரணை கொண்டுவந்தார். மாத்தயா எழுந்து, ஒரு மாதம் ஒத்திவைக்கச் சொன்னார். ஒத்திவைத்தார்கள். கடும் வறட்சி. அந்த ஒரு மாதமும் பெண்கள் குடத்தோடு, பள்ளத்தில் தண்ணீர் விழும் பீலிக்கு இறங்கி ஏறினார்கள். அந்த மாதத்துக்குள் மாத்தயா கிராமத்து விவசாயச் சங்கத்தோடு பேசினார். வறட்சியில் வயலுக்கு எத்தனை நாள், லயத்துக்கு எத்தனை நாள் என்று முறை வைத்து, அவர்களிடம் கையெழுத்து வாங்கினார். சபைப் பணம் தோட்ட எல்லைக்குள் வரக் கூடாது என்று சட்டம் இருந்த காலம். எல்லைவரை சபை குழாய் போடட்டும், எல்லைக்கு மேல் கூலியில்லாமல் சிரமதானம் செய்வோம் என்று வழி சொன்னதும் அவர்தான். அடுத்த கூட்டத்தில் எங்கள் பிரேரணையை வழிமொழிந்ததும் அவர்தான்.

அதன் பிறகு வட்டார முறையில் முதல் தேர்தல் வந்தது. எங்கள் வட்டாரத்தில் மூன்று பேர் முன்னால் நின்றார்கள். எங்கள் ஆள், விமலசேன மாத்தயா, கிராமத்து ஒப்பந்தக்காரர் ஒருவர். அந்த ஒப்பந்தக்காரர் பேசியதெல்லாம் ஒன்றுதான். தண்ணீர் எங்களுடையது, மயானம் எங்களுடையது, தோட்டத்துக்காரர்கள் தங்கள் தோட்டத் துரையிடம் போய்க் கேட்கட்டும்.

ராஜமாணிக்கம் ஐயா இடாப்பை விரித்தார். மேல் டிவிஷனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சிவப்பு. எல்லாம் மாத்தயாவின் வீடுகள். ஒப்பந்தக்காரரைப் பற்றித்தான் நாம் பேச வேண்டும், அவர் வந்தால் ஆபத்து என்று நான் சொன்னேன். ஐயா சாயத்தண்ணியைக் குடித்து முடித்தார்.

"பார்வதி, அந்தக் கன்ட்ராக்டருக்கு நம்ம லயத்துல ஒரு ஓட்டாவது இருக்கா?"

இல்லை என்றேன்.

"அப்ப அவன ஏசி நமக்கு என்ன வரப்போவுது? ஓட்டு எங்க இருக்கோ அங்கதான் போய் எடுக்கணும். நம்ம சனம் மாத்தயாகிட்ட இருக்கு. இன்னொண்ணு சொல்றேன் கேளு. கெட்டவன் எதிர்ல நின்னா நம்ம ஆளுங்க தானா நம்மகிட்ட வருவாங்க. நல்லவன் நின்னான்னா, சங்கம் எதுக்குன்னு கேப்பாங்க."

அவரைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. சங்கம் இல்லாமல் எங்கள் மக்களுக்கு நாதியில்லை என்று மனதார நம்பியவர் அவர். நானும் இன்றுவரை அதை நம்புகிறேன். அவர் போட்ட கணக்கிலும் பிழை இல்லை. நான் செய்ததற்கு அதைச் சாக்காகச் சொல்லவும் முடியாது, ஏனென்றால் வழியைக் கண்டுபிடித்தது நான்.

பிரேரணை நிறைவேறிய அந்த இரண்டாவது சபைக் கூட்டத்தின் குறிப்பு, தமிழ்ப் பிரதி, எங்கள் கோப்பில் இருந்தது. முதல் பக்கத்தின் அடியில், சென்ற கூட்டத்தில் குழாய்ப் பிரேரணையை ஒத்திவைக்குமாறு திரு. விமலசேன கோரினார், பிரேரணை ஒத்திவைக்கப்பட்டது என்று இருந்தது. காரணமும் கையெழுத்தும் வழிமொழிதலும் இரண்டாம் பக்கத்தில். முதல் பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மேல் டிவிஷன் கொழுந்து மடுவத்துக்குப் போனேன். பெண்கள் கொழுந்து நிறுக்க வரிசையில் நின்றார்கள்.

"அந்த ஒரு மாசம் பள்ளத்துப் பீலியில இருந்து கொடம் தூக்குனீங்களே, ஞாபகம் இருக்கா? யாரால தூக்குனீங்கன்னு வாசிக்கிறேன், கேளுங்க," என்றேன்.

வாசித்தேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை. வரிசை அசையாமல் நின்றது. மாரியாயி என்று ஒரு பெண், அவளுடைய மூத்த மகள்தான் அந்தத் தாதி. அந்த வறட்சியில் குடத்தோடு வழுக்கி விழுந்து கை முறிந்தவளும் அவள்தான். முறிந்து சேர்ந்த அந்தக் கையை மற்றக் கையால் தடவிக்கொண்டு, "நெசமாவா அக்கா?" என்று கேட்டாள். காகிதத்தை அவளிடம் நீட்டினேன். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் நான் அவர்களிடம் அதுவரை ஒரு பொய்யும் சொன்னதில்லை. அந்த நம்பிக்கையைத்தான் நான் அன்று செலவழித்தேன்.

இரண்டு கிழமையில் மேல் டிவிஷன் சிவப்பெல்லாம் கறுப்பாகி, கறுப்பெல்லாம் நீலமாயிற்று. மாத்தயா வாக்குக் கேட்டு வந்தபோது, அவரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்த வீடுகளிலேயே அவரை வாசலில் நிற்க வைத்துப் பேசினார்கள். இதைக் கேள்விப்பட்டு நான் மகிழ்ந்தேன். அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

நாங்கள் எதிர்பார்க்காதது கீழே நடந்தது. கிராமத்தில் மாத்தயாவுக்கு வாக்களித்தவர்கள், தோட்டத்தையும் கிராமத்தையும் சேர்த்து வைத்துப் பேசக் கூடியவர் என்று நம்பித்தான் அவரை வைத்திருந்தார்கள். தோட்டமே அவரைக் கைவிட்டுவிட்டது என்று தெரிந்ததும், இனி அவரால் என்ன பயன் என்று ஒப்பந்தக்காரர் பக்கம் திரும்பினார்கள். ஒப்பந்தக்காரர் வென்றார். எங்கள் ஆள் இரண்டாவது. மாத்தயா மூன்றாவது, வெகு தூரத்தில்.

காரியாலயத்தில் யாருக்கும் வருத்தமில்லை. எங்கள் வாக்கு கூடியிருந்தது. அதனால், மொத்த வாக்குக்கு ஏற்ப ஆசனம் தரும் விகிதாசாரப் பட்டியலில் சங்கத்துக்கு ஓர் ஆசனம் கூடுதலாகக் கிடைத்தது. ஐயா எனக்குக் கைகொடுத்தார். முப்பது வருஷப் பழக்கத்தில் அவர் எனக்குக் கைகொடுத்தது அந்த ஒரு தடவைதான்.

அடுத்த வறட்சியில் குழாய் வற்றியது. மேலே போய்ப் பார்த்தால் ஊற்றடியில் குழாயை மூடிப் பூட்டுப் போட்டிருந்தது. ஒப்பந்தக்காரரிடம் போனோம். அந்த உடன்படிக்கை விமலசேனவுடையது, கிராமத்துடையதல்ல என்றார். பிரதேச செயலகத்துக்கும் பொலிசுக்கும் மனு எழுதினேன். விசாரிப்பதாகச் சொன்னார்கள். எங்கள் உறுப்பினர் சபையில் கத்தினார். அங்கே அவரை ஆதரித்துக் கையுயர்த்த எதிர்ப்பக்கத்தில் ஓர் ஆளும் இல்லை. பெண்கள் மறுபடியும் பள்ளத்துக்கு இறங்கினார்கள்.

எனக்குப் போக வேறு இடம் இருக்கவில்லை. மாத்தயாவின் வீட்டுக்குப் போனேன். அவர் முற்றத்தில் மிளகு காயவைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நாற்காலி கொண்டுவந்து போட்டார். விஷயத்தை முழுக்கக் கேட்டார்.

"நங்கி, அந்தக் கூட்டக் குறிப்ப மடுவத்துல வாசிச்சது நீங்கதானே?"

"ஆமா மாத்தயா."

"ரெண்டாவது பக்கம்?"

"வாசிக்கல."

மிளகை இரண்டு தடவை கையால் புரட்டிவிட்டார். "நான் ஒங்க மேல கோவப்பட்டேன். இப்பவும் கோவம்தான். ஆனா தண்ணி வேற, அது வேற," என்று சொல்லிவிட்டு உள்ளே போய் வெளுத்த சட்டையொன்றைப் போட்டுக்கொண்டு வந்தார். இருவரும் விவசாயச் சங்கக் கூட்டத்துக்கு நடந்து போனோம். அங்கே அவர் கால் மணி நேரம் சிங்களத்தில் பேசினார். முறை வைத்த நாட்களை ஞாபகப்படுத்தினார். கையெழுத்துப் போட்டவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். இரண்டொருவர் தலைகுனிந்தார்கள். பின்னாலிருந்து ஒருவன் எழுந்து, உங்களை வேண்டாமென்று தள்ளியவர்களுடைய குடத்தை நீங்கள் ஏன் தூக்குகிறீர்கள் என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். மாத்தயா பதில் சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் என்னைப் பார்த்தார். தோட்டமும் என்னோடுதான் இருக்கிறது என்று அவர் சொல்லக் கூடிய பதிலை நான்தான் மடுவத்தில் வைத்து இல்லாமலாக்கியிருந்தேன்.

பூட்டு திறக்கவில்லை. மழை வந்த பிறகு தானாகத் திறந்தார்கள், அடுத்த வறட்சியில் மறுபடி பூட்டினார்கள். பிற்பாடு தோட்ட நிர்வாகம் சின்ன ஓடையொன்றிலிருந்து தண்ணீர்த் தாங்கி கட்டிக் கொடுத்தது. மேல் டிவிஷனுக்கு இன்றும் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர்.

அன்று விவசாயச் சங்கக் கூட்டத்திலிருந்து திரும்பி வந்த மறுநாளே இரண்டாம் பக்கத்தையும் எடுத்துக்கொண்டு மடுவத்துக்குப் போனேன். முன்பு பாதியைத்தான் வாசித்தேன், மீதி இதுதான் என்று சொல்லி, முழுவதும் வாசித்தேன். பெண்கள் கேட்டுக்கொண்டு நின்றார்கள். யாரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். மாரியாயி கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, கோபமேயில்லாமல் கேட்டாள்.

"இத ஏன் அக்கா இப்ப வாசிக்கிறீங்க? மறுபடி எலெக்சன் ஏதும் வருதா?"

அதன் பிறகு ஓய்வு பெறும்வரை நான்கு வருஷம் வேலை செய்தேன். மனு எழுதினேன், கூட்டம் வைத்தேன். பெண்கள் வந்தார்கள். ஆனால் நான் எதை வாசித்தாலும் யாராவது ஒருத்தி, பக்கத்தைத் திருப்பிக் காட்டுங்க அக்கா என்பாள். நான் திருப்பிக் காட்டுவேன்.

ராஜமாணிக்கம் ஐயா இறப்பதற்குக் கொஞ்சக் காலம் முன்பு பதுளை ஆஸ்பத்திரியில் அவரைப் பார்க்கப் போனேன். மேல் டிவிஷன் தண்ணீரைப் பற்றி அவரே கேட்டார். சொன்னேன். "கணக்கு சரிதான் பார்வதி. கன்ட்ராக்டர் ஜெயிப்பான்னு ஒரு கோடு போட்டுப் பாத்திருக்கணும்," என்றார். மெதுவாகச் சொன்னார். நான் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு கேட்டேன்.

அந்த இரண்டு பெண்களிடமும் நான் சொன்னது இவ்வளவுதான். ஒத்துப்போகிறவரோடு போட்டி போடுங்கள். அவருடைய ஒவ்வொரு வாக்கையும் கேட்டு வாங்கப் பாருங்கள், அது உங்கள் வேலை. ஆனால் தேர்தலுக்கு மறுநாள் அவரிடம் போய் உட்கார உங்களுக்கு ஒரு நாற்காலி மிஞ்ச வேண்டும், அவருக்கும் அவருடைய ஆட்கள் நடுவில் ஓர் இடம் மிஞ்ச வேண்டும். ஒருத்தி, அப்படிச் செய்து தோற்றால் என்று கேட்டாள். தோற்கலாம் என்றேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை. அவள் வயதில் எனக்கும் பிடித்திருக்காது.

அவர்கள் போன மறுநாள் நான் மாத்தயாவைப் பார்க்கப் போனேன். இந்த முறை அவர் நிற்க வேண்டும் என்று கேட்கத்தான். எழுபத்தைந்து தாண்டியிருந்தது. மனைவி காலமாகியிருந்தார். நான் சொன்னதைக் கேட்டுச் சத்தம் வராமல் சிரித்தார்.

"நான் நின்னா ஒங்க கட்சி என்ன விட்டுருமா நங்கி?"

பொய் சொல்ல நாக்கு எழவில்லை. இடாப்பை விரித்ததும் முதல் கோடு எந்த வீடுகளில் விழும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

"விடாது மாத்தயா."

"ஒங்க ஓட்டு?"

"எங்க சங்கத்துக்குத்தான்."

"அப்ப எதுக்கு நிக்கச் சொல்றீங்க?"

"எதிர்ல நீங்க இருக்கணும்."

அவர் எழுந்து உள்ளே போனார். தேத்தண்ணி போட்டு வந்து கொடுத்தார். தோட்டத்தையும் எங்கள் சங்கத்தையும் பற்றி ஏதோ குற்றம் சொல்ல ஆரம்பித்தார், நான் மறுத்தேன், அவர் மடக்கினார், நான் விடவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகும்வரை சண்டை போட்டோம். இத்தனை வருஷத்தில் அத்தனை சந்தோஷமாக நான் யாரோடும் பேசியதில்லை.

அவர் நிற்கவில்லை. தேர்தலன்று நான் வாக்குச்சாவடியிலிருந்து வெளியே வந்தபோது, தெருவின் மேல் பக்கத்தில் எங்கள் ஆட்களும் கீழ்ப் பக்கத்தில் ஒப்பந்தக்காரரின் ஆட்களும் கூடி நின்றார்கள். முந்திய தேர்தல்களில் மாத்தயா இந்தத் தெருவைக் கடந்து எங்களிடம் வருவார். எங்கள் பொட்டலத்துச் சோற்றைப் பங்கு கேட்டு வாங்கித் தின்றுகொண்டே, இன்றைக்கு நீங்கள் தோற்கப் போகிறீர்கள் என்பார். அன்று நான் வெகுநேரம் அங்கே நின்றேன். மேலிருந்து கீழேயோ கீழிருந்து மேலேயோ ஒருவரும் தெருவைக் கடக்கவில்லை.